மெக்கானிக் எலியாஸ் மனசு இறங்கிய கதை

சோகமாக இருப்பது என்று எலியாஸ் முடிவெடுத்த சாயங்காலம், அவன் மிகவும் சந்தோஷமாக இருந்தான்.

அவன் மேல் தப்பில்லை. ஜெயசீலி அன்று நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். அதைச் சாப்பிட்டுவிட்டு, விரலையும் ஒரு சுற்று சுத்தம் செய்துவிட்டு, உடனே சோகமாவது லேசான காரியமில்லை. அதற்கு நெஞ்சுரம் வேண்டும். எலியாஸுக்கு அது இருந்தது. காரணமும் இருந்தது.

காரணம் மஸ்கட்.

ஜெயசீலி ஆம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். தொண்ணூற்றேழாம் வருஷம் மெட்ராஸிலிருந்து சிலர் வந்து, மஸ்கட்டில் வேலைக்கு நர்ஸுகளைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனார்கள். தேர்வானவர்களில் ஜெயசீலியும் ஒருத்தி. பேர் வந்த அன்று வீட்டுக்கு வந்து வெங்காயம் உரித்துக்கொண்டே எலியாஸிடம் சொன்னாள்.

“மஸ்கட்டுக்குக் கூப்புட்றாங்க. ரெண்டு வருஷம்.”

சொல்லிவிட்டு வெங்காயத்தைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள்.

எலியாஸ் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று, படிக்கட்டில் நழுவிய குடம்போல, தடதடவென்று கீழே போனது. ஆனால் வாய் ஆம்பிளை வாய். அது நெஞ்சைக் கேட்டுப் பேசுவதில்லை.

“போயேன். யாரு வேணாம்னது?” என்றது வாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். “நான் பாத்துக்க மாட்டேனா? சோறாக்கத் தெரியாதா எனக்கு?” என்றும் சொன்னது.

அவனுக்குச் சோறாக்கத் தெரியாது.

“சரி” என்றாள் ஜெயசீலி. மறுபடியும் வெங்காயத்தை எடுத்தாள். கண்ணில் தண்ணீர். வெங்காயம் உரித்தால் யாருக்கும் வரும் என்று எலியாஸ் நினைத்துக்கொண்டான்.

அவன் வேலை பார்ப்பது ஷூ ஃபேக்டரியில். துணியைத் தப்பாகத் தைத்தால் பிரித்துத் தைக்கலாம். தோலில் அது நடக்காது. ஊசி இறங்கிய இடத்தில் ஓட்டை நிற்கும். நூலை உருவினாலும் நிற்கும். அவன் சொன்ன ‘போயேன்’ தோலில் விழுந்த ஓட்டை. இனிமேல் போய், ‘போகாதே ஜெயா, நீ இல்லாமல் எனக்கு ஒன்றும் ஓடாது’ என்று எந்த முகத்தோடு சொல்வது? மகள் ஹெப்சி வேலூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். ஜெயசீலியும் போய்விட்டால் வீட்டில் அவனும் ஒரு மிக்ஸியும்தான். மிக்ஸியும் ரிப்பேர்.

கேட்க முடியாது. ஆனால் அவளாகவே போகாமல் நின்றுவிட்டால்?

அந்த யோசனையை அவனுக்குக் கொடுத்தது ஒரு இங்கிலீஷ் வார்த்தை.

எலியாஸ் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஷூவுக்கு மேல்பாகம் தைக்கிற ஆளாகச் சேர்ந்து, மெஷின் ஏன் ஓடுகிறது என்று திறந்து பார்க்கிற ஆசையில் மெக்கானிக் ஆனவன். அவனுடைய இங்கிலீஷ் முழுவதும் ஜெர்மன் மெஷினோடு பெட்டிக்குள் வந்த இங்கிலீஷ். மெஷின் புத்தகத்தை ஒரு கையிலும் அகராதியை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு தானே படித்தது. அதில் முதல் பாடமே, பெடலை டிப்ரஸ் செய்யவும். காலால் கீழே அமுக்கு என்று அர்த்தம். அமுக்கினால் மெஷின் ஓடும். அவனுக்கு மிகவும் பிடித்துப்போன வார்த்தை.

அப்புறம் ஒரு வருஷம் மேனேஜர் ராமமூர்த்தி எல்லோரையும் கூப்பிட்டார். “வெளிநாட்டு மார்க்கெட்டு டிப்ரஸ் ஆயிருக்குப்பா. ஓவர்டைம் கிடையாது” என்றார். எலியாஸ் குழம்பினான். அமுக்கினால் ஓட வேண்டுமே, இது ஏன் நின்றது? அகராதியைப் பார்த்தான். வியாபாரம் இறங்கிப்போனாலும் அதே வார்த்தைதானாம்.

பிறகு அவனுக்குத் தொண்டை வலி வந்தது. ஐஸ் குச்சியை அகலமாக்கின மாதிரி ஒரு மரப்பட்டையை ஜெயசீலி அவன் வாயில் விட்டு நாக்கை அழுத்தினாள். அதற்கு டங் டிப்ரஸர் என்று பெயராம். பெண்டாட்டி கையில் நாக்கை அமுக்க ஒரு கருவி இருப்பது நல்லதில்லை என்று அன்றைக்கே அவனுக்குத் தோன்றியது.

நாலாவது அர்த்தம், பக்கத்து வீட்டுச் சுவர் ஓரமாக வந்தது. மஸ்கட் பேச்சு வந்த அதே வாரம். எலியாஸ் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். ஜெயசீலி சுவருக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் ஷஹீன் பானு, தோல் தரகர் சர்தார் பாஷாவின் மனைவி.

“பாவம் பானுக்கா, வார்டுல ஒருத்தரு. டிப்ரஸ் ஆயிட்டாரு. வீட்டம்மா துபாய் போனதுலேர்ந்து சோறு எறங்கல, பேச்சு இல்ல. சுவத்தையே பாத்துனு படுத்திருந்தாரு.”

“அல்லாவே. அப்பறம்?”

“அப்பறம் இன்னா, அந்தம்மா வேலைய வுட்டுட்டு வந்துட்டாங்க. இப்பத்தான் எழுந்து உக்காந்து கஞ்சி குடிக்கிறாரு.”

எலியாஸ் கையிலிருந்த எண்ணெய்க் குப்பி சாய்ந்து, முழங்கால் முழுக்க வழிந்தது. அவன் கவனிக்கவில்லை. பெடல் இறங்கும், விலை இறங்கும், நாக்கு இறங்கும், மனசும் இறங்கும். இத்தனை வருஷமாக மெஷினை இறக்கி ஏற்றியவனுக்கு மனசை இறக்கத் தெரியாதா?

அப்படித்தான் கருவாட்டுக் குழம்புக்குப் பிறகு எலியாஸ் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க ஆரம்பித்தான். அந்தச் சுவரில் ஒரு காலண்டர். காலண்டரில் மிட்டாய்க் கடை விளம்பரம், தட்டு நிறைய மைசூர்பாகு. சோகத்துக்கு ஒத்துவரவில்லை. திரும்பி உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்தான்.

“இன்னாங்க, பல்லியா?” என்றபடி வந்தாள் ஜெயசீலி.

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாத சுவத்த ஏன் பாக்கறீங்க?”

“மனசு சரியில்ல, ஜெயா.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தாள். முகம் மாறி நர்ஸ் முகம் ஆனது.

“எப்பலேர்ந்து?”

“கொஞ்ச நாளா.”

“தூக்கம்?”

“வர்றதில்ல.”

“நேத்து குறட்ட வந்துச்சே.”

“அது தூக்கத்துல வந்த குறட்ட இல்ல. துக்கத்துல வந்தது.”

“பசி?”

“சுத்தமா இல்ல.”

“கொழம்ப மறுபடி மறுபடி வாங்கி ஊத்திக்கினீங்க?”

“நீ கஷ்டப்பட்டு வெச்சது. உன் மனசு நோவக் கூடாதில்ல?”

“ஓஹோ. வேற இன்னா பண்ணுது?”

“எல்லாமே எறங்கிப் போன மாதிரி இருக்குது. மார்க்கெட்டு மாதிரி.”

ஜெயசீலி சிரிக்கவில்லை. பொறுப்பாகத் தலையாட்டினாள். அவள் பார்வை அவன் முகத்திலிருந்து மெதுவாகக் கீழே போய், அவன் வலது பாதத்தில் நின்றது.

எலியாஸுக்கு ஒரு பழக்கம் உண்டு. அப்படி ஒன்று இருப்பது அவனுக்கே தெரியாது. பல வருஷம் பெடல் மிதித்த கால் அது. வயிறும் மனசும் நிறைவாக இருந்தால் அந்தக் கால் சும்மா இருக்காது. இல்லாத பெடலை அமுக்கி அமுக்கி எடுத்துக்கொண்டிருக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு, சர்ச்சில் நல்ல பாட்டு வரும்போது, ஹெப்சி லீவுக்கு வீட்டுக்கு வருகிற நாளில், தரை அதிரும். அவனுடைய அப்பா இறந்தபோதும் ஹெப்சிக்கு டைஃபாய்டு வந்தபோதும் மட்டும் அது கல்லாகக் கிடந்தது. ஜெயசீலிக்கு அவன் முகத்தைப் பார்க்க வேண்டியதே இல்லை. கல்யாணமான முதல் மாசத்திலிருந்து அவள் படிப்பது அந்தக் காலைத்தான்.

அன்று அந்தக் கால், அவசர ஆர்டருக்கு ஓடுகிற மெஷின் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

“புரியுது” என்றாள் ஜெயசீலி. “இது மனசு எறங்கின கேசுதான்.”

எலியாஸ் முகத்தில் வெளிச்சம் வந்தது. அவசரமாக அணைத்துக்கொண்டான்.

“அப்படின்னா ஜெயா, இந்த மஸ்கட்டு…”

“உஷ். அந்தப் பேச்சே இந்த வீட்ல எடுக்கக் கூடாது. கவலை குடுக்குற விசயத்த உங்க காதுலயே போடக் கூடாது. வைத்தியத்துல அதான் மொத விதி.”

அவன் எதைப் பேசுவதற்காகச் சோகமானானோ, அதைப் பேச முதல் நாளே தடை விழுந்தது.

வைத்தியம் மறுநாள் விடியற்காலை தொடங்கியது. பாலாற்று மணல்வரை நடந்துபோய்த் திரும்ப வேண்டும். “எறங்கின மனசு நடந்தா ஏறும்” என்றாள். வந்து குளித்து, முகச்சவரம் செய்து, சலவைச் சட்டை போட வேண்டும். பிறகு கைக்கு வேலை. கை சும்மா இருந்தால் மனசு இன்னும் இறங்குமாம். எலியாஸ் பாத்திரம் தேய்த்தான். கீரை ஆய்ந்தான். ஊரில் இருக்கிற மெஷினையெல்லாம் ரிப்பேர் பார்த்தவன், தன் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாளைக் கல்யாணமான நாளிலிருந்து கயிறு போட்டுக் கட்டித்தான் வைத்திருந்தான். அந்த வாரம் தாழ்ப்பாள் மாறியது. குழாய் சொட்டுவது நின்றது. மிக்ஸி உயிர்த்தெழுந்தது. சோகமாக இருப்பதற்கு இவ்வளவு வேலை இருக்கும் என்று எந்த அகராதியும் அவனிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எலியாஸ் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது சர்தார் பாஷா வந்தார். கையில் மூடிபோட்ட தூக்கு. மூடியை மீறி வாசனை.

“இன்னாபா எலியாஸ், ஒரே பேஜாரா கீறியாமே? எங்கூட்ல சொல்லிச்சு.”

“மனசு சரியில்ல பாய்.”

“மனசு சரியில்லன்னா அதுக்கு மருந்து நம்ம ஊர்லதான கீது. இந்தா, சீரக சம்பா. மட்டன் பிரியாணி. நம்ம வூட்டு அடுப்புல வெச்சது. கத்திரிக்காயும் கீது, தனியா.”

எலியாஸ் கை தானாக நீண்டது. ஆனால் அவனுக்கும் தூக்குக்கும் நடுவில் ஜெயசீலி வந்து நின்றாள்.

“ரொம்ப தேங்க்ஸ் பாய். ஆனா இவருக்கு இப்ப கொழுப்பு ஆகாது. கம்மியா, லேசா குடுக்கணும். நேத்து கஞ்சி குடிச்சாரு, நல்லா கேட்டுச்சு.”

“பிரியாணி ஆவாதா?” பாஷா அதிர்ந்துபோனார். ஆம்பூரில் அப்படி ஒரு வியாதியை அவர் கேள்விப்பட்டதில்லை. எலியாஸின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். “யா அல்லா! அவ்வளோ ஜாஸ்தியா ஆயிடுச்சா? எலியாஸு, நீ சொல்லுபா. நெசமாவே வேணாமா?”

எலியாஸ் தூக்கைப் பார்த்தான். ஜெயசீலியைப் பார்த்தான். வேண்டும் என்றால் வியாதி போய்விடும். வியாதி போனால் மஸ்கட் வந்துவிடும்.

“வேணாம் பாய்” என்றான். குரல் உடைந்தது. அந்த வாரத்தில் அவன் உண்மையாகத் துக்கப்பட்ட ஒரே இடம் அது.

பாஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “நமாஸ்ல உனக்காக துவா கேக்குறன்” என்று சொல்லிவிட்டுப் போனார். தூக்கு மட்டும் ஜெயசீலியோடு ஆஸ்பத்திரிக்கு, ட்யூட்டியில் இருந்த நர்ஸுகளிடம் போனது.

பாஷா வழியாகச் செய்தி தெருவுக்குப் போனது. தெருவிலிருந்து சர்ச்சுக்குப் போனது. அடுத்த புதன்கிழமை மாதர் சங்கம் வீட்டு ஜெபத்துக்கு வந்துவிட்டது. சபையில் யாராவது படுத்துவிட்டால் அவர் வீட்டில் கூடி ஜெபிப்பது அங்கே வழக்கம். பாய் விரித்தார்கள். நடுவில் எலியாஸை உட்காரவைத்தார்கள். பாட்டு ஒன்று முடிந்தால் இன்னொன்று. பிறகு ஒவ்வொருவராக ஜெபம். அமிர்தவள்ளி டீச்சர் அம்மா அவன் தலையில் கையை வைத்து அழுத்தினார்.

“ஆண்டவரே, இந்தச் சகோதரனப் பாரும். எப்படி இருந்த மனுசன் இப்படி எறங்கிப் போய்ட்டாரு. வாய்விட்டுச் சிரிக்கிற வாய். இப்ப பாருங்க, ஆண்டவரே, எப்படித் தொங்கிப்போயிருக்குது…”

அம்மாவின் கை கனமான கை. எலியாஸ் கழுத்து உள்ளே இறங்கிக்கொண்டே போனது. எல்லோரும் கண்ணை மூடி அழுதார்கள். அவனுக்காக, உண்மையாக. எலியாஸ் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். பிரம்பு நாற்காலியில் சீக்காளிக் கிழவி ஒருத்தி, தனக்கே மூச்சு வாங்குவதை விட்டுவிட்டு அவனுக்காக முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு வெட்கமாக இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் இருந்தது. தனக்காக அழ இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது நாற்பது வயதுவரை அவனுக்குத் தெரியாது. அதற்கு என்ன பெயர் சொல்வது என்று தெரியாமல், எழுந்துபோய் எல்லோருக்கும் அவனே டீ போட்டுக் கொண்டுவந்தான். டீ நன்றாகவே இருந்தது. ஜெயசீலி இரண்டாவது டம்ளர் வாங்கிக் குடித்தாள்.

இவ்வளவுக்கும் பிறகு, மஸ்கட் என்ன ஆனது? தெரியவில்லை. அவளும் சொல்லவில்லை. கேட்கவும் வைத்தியத்தில் இடமில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் கொஞ்சம் தாமதமாக வந்தாலும், பாஸ்போர்ட் விஷயமாகப் போயிருப்பாளோ என்று எலியாஸ் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தான்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது, பரண்மேல் இருந்த பெரிய பெட்டி கீழே இறங்கியிருந்தது.

ஜெயசீலி அதை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பூட்டு திறக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள். உள்ளே ஏதோ துணிகளை மடித்து வைத்தாள்.  எலியாஸ் கட்டிலில் உட்கார்ந்தான். அன்று வஞ்சிர மீன் வறுவல். தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. சுவரைப் பார்க்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. பார்வை எங்கே இருந்ததோ, அங்கேயே இருந்தது.

ஜெயசீலி வந்து பார்த்தாள். வலது பாதம் தரையில் அசையாமல் கிடந்தது.

 தட்டை எடுத்துப் போய்ச் சூடு செய்து கொண்டுவந்தாள். முள் எடுத்து, பிசைந்து, அவளே ஊட்டினாள். எலியாஸ் குழந்தை மாதிரி வாயைத் திறந்தான்.

“நாளைக்கு ஞாயித்துக்கெழமதான? கணியம்பாடி போய்ட்டு வாங்க” என்றாள்.

“அண்ணன் வீட்டுக்கா? நானா?”

“பழைய வருத்தம் நெஞ்சு மேல உக்காந்திருந்தாலும் மனசு எறங்கும். அதையும் தூக்கிப் போட்டுட்டு வாங்க. அப்படியே இந்தப் பெட்டியக் குடுத்துட்டு வந்துடுங்க. ஹெப்சியோட பழைய துணி. ஃபீபிக்கு ஆவும்.”

“பெட்டியோடவா? அப்ப உனக்குப் பெட்டி…”

“கவலை தர்ற பேச்சு கூடாது” என்றாள் ஜெயசீலி.

அண்ணன் ஆபேல் கணியம்பாடியில் வாத்தியார். அவரோடு எலியாஸ் பேசாமல் இருந்ததற்குக் காரணம் பெரிது. அவர் மகள் ஃபீபியைச் சபையில் முழு அங்கத்தினராகச் சேர்த்த திடப்படுத்தல் விருந்தில், கடைசிப் பந்தியில், எலியாஸ் இலையில் விழுந்த பிரியாணியில் ஒரு கறித்துண்டுகூட இல்லை. வெறும் சோறு. பரிமாறியது ஆபேல். ஆம்பூர்க்காரனுக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்? அன்று எழுந்து வந்தவன், பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை.

வேலூரில் பஸ் மாறி, பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு அவன் போய் நின்றபோது, ஆபேல் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்.

“வாடா” என்றார், நேற்றுத்தான் பார்த்தவர் மாதிரி. “பெட்டியோட வந்திருக்க. தங்கப் போறியா, இல்ல ஊரவுட்டே ஓடிவந்துட்டியா?”

“ஜெயா குடுத்தனுப்பினா.”

“உள்ள வா. பிரிசில்லா, எலியாஸ் வந்திருக்கான்! கோழி புடி!”

அண்ணி சிரித்துக்கொண்டே கொல்லைப் பக்கம் ஓடினாள். அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஆபேல் டேபிள் ஃபேனைத் தம்பி பக்கம் திருப்பி வைத்தார்.

“அன்னிக்கு எனக்கும் பீஸ் இல்லடா” என்றார் ஆபேல் திடீரென்று.

“இன்னாது?”

“விருந்தன்னிக்கு. கூப்டாதவனெல்லாம் வந்து உக்காந்துட்டான். கடைசிப் பந்திக்கு அண்டாவ சாய்ச்சுச் சொரண்டினா அவ்வளோதான் இருந்துச்சு. நம்ம வீட்டு ஆளுதான, புரிஞ்சிப்பன்னு உனக்கு வெச்சேன். நான் மோர குடிச்சிட்டுப் படுத்துட்டேன்.”

“இத ஏன் அண்ணே என்னாண்ட சொல்லல?”

“நீ எங்க நின்ன? எலைய மூடிட்டு பஸ்ஸப் புடிச்சிட்ட. கோவிச்சுக்கினவன் வீட்டுக்கு வந்து, எனக்கும் பீஸ் இல்லன்னு சொல்றதுக்கு எனக்கும் வெக்கமா இருந்துச்சு.”

எலியாஸ் சிரிக்க ஆரம்பித்தான். ஆபேலும் சிரித்தார். அண்ணி கோழியைக் கையில் பிடித்தபடி வந்து பார்த்துவிட்டு, இதுகளுக்குள் என்ன ஆனது என்று தெரியாமலே அவளும் சிரித்தாள். இத்தனை வருஷப் பகை, ஒரு அண்டா அடியில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

சாப்பிடும்போது ஆபேல் ஒரு தொடைத் துண்டை எடுத்துத் தம்பி இலையில் வைத்தார். பிறகு இன்னொன்று. பிறகு, வாயில் சோற்றை வைத்துக்கொண்டே சொன்னார்.

“ஜெயசீலி மாதிரி ஒரு பொண்ணு உனக்குக் கெடச்சது பெரிய விசயம்டா. மஸ்கட்டையே வேணாம்னுட்டு வந்துச்சே.”

எலியாஸ் கை இலையில் நின்றது.

“எப்ப?”

“உனக்குத் தெரியாதா? பேரு வந்த அன்னிக்கே. பிரிசில்லாவுக்குக் கண்ணு காட்ட ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போயிருந்தேன். அப்பத்தான் மேட்ரன் ரூம்லேர்ந்து வெளிய வந்துச்சு. ‘போறதில்லன்னு சொல்லிட்டேன் மாமா, வீட்ல போய் அவர்ட்ட சொல்லணும்’னுச்சு. மூஞ்சில அவ்வளோ சந்தோசம்.” ஆபேல் தலையைச் சொறிந்தார். “அய்யய்யோ. உன்னாண்ட சொல்லக் கூடாதுன்னு போன வாரம் போன்ல சொல்லிச்சு. சொல்லிட்டனா?”

திரும்பி வருகிற பஸ்ஸில் எலியாஸ் கோபப்பட முயற்சி செய்தான். வேலூர் பஸ் நிலையத்தில் நன்றாகத்தான் ஆரம்பித்தது. என்ன நடிப்பு! கஞ்சி! தாழ்ப்பாள்! பாத்திரம்! அந்த பிரியாணி! விரிஞ்சிபுரம் கோபுரம் தெரிகிற வரைக்கும் கோபம் தாக்குப்பிடித்தது. அதற்குமேல் ஓடவில்லை. போவதில்லை என்று சொல்லிவிட்டுச் சந்தோஷமாக வந்தவள், வெங்காயத்தை உரித்துக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை எதிர்பார்த்தாள். அவன் கொடுத்தது ‘போயேன்’. பள்ளிகொண்டாவில் கோபம் முழுதாக இறங்கிவிட்டது. அந்த இடத்தில் வேறொன்று ஏறி உட்கார்ந்தது. ஆம்பூர்வரை அதுதான் அவனுக்குத் துணை. பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மனதுக்குள், ஆண்டவரே, ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

வீட்டில் ஜெயசீலி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணன் நல்லா இருக்காரா?”

“இருக்காரு. எல்லாத்தையும் சொல்லிட்டாரு.”

“சொல்லுவாருன்னு தெரியும். அவரு வாயில எது நிக்கும்? அதுக்குத்தான அனுப்பினேன்.”

எலியாஸ் அவள் எதிரே உட்கார்ந்தான். “நீயே சொல்லிருக்கலாமே ஜெயா. இத்தினி நாளு என்ன ஆட்டி வெச்சியே.”

“நான் எதுக்குச் சொல்லணும்? போயேன்னு சொன்னது நீங்கதான? பெட்டிய எறக்கினன்னிக்கு உங்களப் பாத்ததும் மனசு கேக்கல. சொல்லிடலாம்னுதான் வாயெடுத்தேன்.” சட்டையின் கையை மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள். “ஆனா ஒண்ணு. வார்டுல நெசமாவே மனசு ஒடிஞ்சவங்களப் பாக்கறேன். அது வெளையாட்டு இல்ல. இன்னொரு வாட்டி அத வெச்சு வெளையாடாதீங்க. இன்னா வேணுமோ, வாயத் தெறந்து கேளுங்க.”

எலியாஸ் வாயைத் திறந்தான். முதலில் காற்றுத்தான் வந்தது. அப்புறம் மெதுவாக வந்தது.

“போவாத ஜெயா. எங்கயும் போவாத.”

“ம்” என்றாள். இந்தமுறை பக்கத்தில் வெங்காயம் இல்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “போவல.”

எலியாஸுக்கு உலகமே லேசானது. எல்லாம் முடிந்தது. இனி நிம்மதி. சட்டையைக் கழற்றி மாட்டினான்.

“அத அழுக்கு பண்ணாம வையுங்க. அடுத்த ஞாயித்துக்கெழம போடணும்” என்றாள் ஜெயசீலி.

“எதுக்கு?”

“நீங்க கொணமாயிட்டீங்கன்னு காலைல சர்ச்சுல சொன்னேன், மாதர் சங்கத்துக்கு அவ்வளோ சந்தோசம். நீங்க சர்ச்சுல எழுந்து நின்னு சாட்சி சொல்லணுமாம். எப்படி மனசு எறங்குச்சு, எப்படிக் கொணமாச்சுன்னு, சபை முழுக்கக் கேக்கணுமாம். நானும் சரின்னுட்டேன். பாய் குடும்பமும் வெளிய நின்னு கேக்க வர்றாங்க.”

எலியாஸுக்கு மனசு மறுபடியும் கீழே இறங்கியது. “அய்யோ! அங்க நின்னு நான் இன்னாத்த சொல்றது?”

“நன்றி சொல்லுங்க. சர்ச்சுல பொய் சொல்லக் கூடாது. மத்தபடி உங்க இஷ்டம்.”